மணல் நிலத்து நெருஞ்சி: முளையிலேயே அடையாளம் கண்டு, முள் விழாமல் தடுக்கும் முழு வழிகாட்டி

நெருஞ்சியைப் பெரும்பாலும் கண்ணுக்கு முன்னால் கால்தான் கண்டுபிடிக்கிறது. கடலை பறிக்கிறவரின் உள்ளங்கையில் ஏறிய பிறகு, சைக்கிள் டியூபில் காற்று இறங்கிய பிறகு, “இந்த ஓரத்தில் எப்போது வந்தது?” என்று குனிந்து பார்க்கிறோம். அப்போது கண்ணில் படுகிற செடியைப் பிடுங்கினால் மனதுக்கு ஆறுதல் கிடைக்கும், அவ்வளவுதான். அந்தச் செடி தன் வேலையை முடித்து முள்ளை மண்ணில் கொட்டி ரொம்ப நாள் ஆகியிருக்கும்.

நெருஞ்சி ஓர் ஆண்டுக் களை. ஒரு பருவத்தில் முளைத்து, காய்த்து, காய்ந்து போகிறது. கோரை மாதிரி கிழங்கு வைத்துக்கொள்வதில்லை, அறுகு மாதிரி வேர்க்கணுவிலிருந்து திரும்பத் துளிர்ப்பதில்லை. அடுத்த வருடம் வர அதற்கு இருக்கிற ஒரே வழி, நாம் முள் என்று சொல்கிற காய்க்குள் இருக்கும் விதைதான். முளைத்த மூன்றிலிருந்து ஐந்து வாரத்தில் பூ வைக்கும். பூத்ததிலிருந்து ஏறத்தாழ இரண்டு வாரத்தில் காய் முற்றிவிடும். இந்த இரண்டு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகிற எல்லா வேலையும் இவற்றைச் சுற்றித்தான் நடக்கிறது.

மணல் நிலம் இதற்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்றால், மணல் சீக்கிரம் சூடாகிறது, சீக்கிரம் காய்கிறது. நெருஞ்சி சி4 வகைச் செடி, அதாவது கடும் வெயிலிலும் குறைந்த நீரிலும் நன்றாக உணவு தயாரித்து வளரும் வகை. மேல் மண் காய்ந்து பயிர் வாடுகிற நேரத்தில், இதன் ஆணிவேர் ஆழத்திலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு பச்சையாகவே இருக்கும். பயிர் இடைவெளி விட்ட இடமும் நன்றாக வெயில் விழுகிற இடமும்தான் இதற்கு வேண்டியது. நிழல் இதற்கு ஆகாது. இந்தப் பலவீனத்தைப் பிறகு நாம் பயன்படுத்திக்கொள்ளப் போகிறோம்.

அடையாளம்: முளையில்

வளர்ந்த நெருஞ்சியை யாருக்கும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. முளையில் தெரிந்துகொள்வதுதான் திறமை, பலன் தருவதும் அதுதான். மழை பெய்தோ பாசனம் விட்டோ ஒரு வாரம் பத்து நாளில், வெதுவெதுப்பான மண்ணில் முளை தலை காட்டும். முதலில் வரும் இரண்டு வித்திலைகள் நீள்வட்டமாக, தடிப்பாக இருக்கும். மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் சாம்பல் பூத்த மாதிரி. நுனியில் ஒரு சின்ன வெட்டு, நடுவில் மடித்து எடுத்த மாதிரி ஒரு கோடு. அடுத்து வரும் முதல் இலையே கூட்டிலையாக, ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகளோடு வந்துவிடும். சந்தேகமாக இருந்தால் முளையை மெதுவாக மண்ணோடு தூக்கிப் பாருங்கள். வேரின் கழுத்தில் பழைய முள் ஓடு கவ்விக்கொண்டிருப்பதைப் பல நேரம் பார்க்கலாம். அது இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

வளர்ந்த செடியில்

நடுவில், வேரும் தண்டும் சேருகிற இடத்தில், ஒரே வேர்முடிச்சு. அங்கிருந்து வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி எல்லாத் திசையிலும் தண்டுகள் தரையோடு படரும். இடம் கிடைத்தால் ஒவ்வொரு தண்டும் ஒரு மீட்டரைத் தாண்டும். தண்டில் சிவப்பு கலந்த பழுப்பு நிறமும் மெல்லிய ரோமமும் இருக்கும். பயிருக்குள் நெருக்கமான இடத்தில் மாட்டிக்கொண்டால் படுக்காமல் கொஞ்சம் நிமிர்ந்தும் வளரும். “நெருஞ்சி என்றால் தரையில்தானே கிடக்கும்” என்று நினைத்துப் பயிருக்குள் இருப்பதை விட்டுவிடாதீர்கள்.

இலைகள் எதிரெதிராக இருக்கும். ஒரு கணுவில் இருக்கும் இரண்டு கூட்டிலைகளும் ஒரே அளவில் இருக்காது, ஒன்று பெரிது, மற்றது சிறிது. சிற்றிலைகள் நாலிலிருந்து எட்டு ஜோடி வரை. நுனியில் தனி இலை இல்லாமல் ஜோடியாகவே முடியும். பூ மஞ்சள், ஐந்து இதழ், இலை தண்டோடு சேரும் கக்கத்தில் ஒற்றையாக வரும். காலையில் விரிந்து வெயில் ஏறிய பிறகு மூடிவிடும். களையைப் பார்க்கப் போகிறவர் மாலையில் போனால் பூத்த செடியும் பூக்காத செடி மாதிரி தெரியும். காலையில் போங்கள்.

நெருஞ்சி என்ற பெயரிலேயே வேறு செடிகள்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். யானை நெருஞ்சி என்பது வேறு குடும்பத்துச் செடி. நிமிர்ந்து வளரும், இலை ஒற்றை இலையாகத் தடிப்பாக, ஓரம் பல் பல்லாக இருக்கும், மஞ்சள் பூ குழல் மாதிரி நீண்டிருக்கும். பச்சைத் தழையைத் தண்ணீரில் விட்டுக் கலக்கினால் தண்ணீர் வழுவழுவென்று கெட்டியாகிவிடும். காய் நாலு மூலையாக இருந்தாலும் நெருஞ்சி மாதிரி ஐந்து துண்டாக உடையாது. செப்பு நெருஞ்சி தரையில்தான் படரும், கூட்டிலையும் உண்டு, ஆனால் அது அவரைக் குடும்பம். இலைகள் ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறி இருக்கும், பூ சிவப்பு, முள் கிடையாது. அதைப் பிடுங்கக் கூலி செலவழிக்க வேண்டியதில்லை.

தரையோடு படரும் சின்ன அம்மான் பச்சரிசியைக் கிள்ளினால் பால் வரும். தரைப்பசலைக்கு இலை தடித்து ஒற்றையாக இருக்கும். இவை இரண்டும் தூரத்தில் நின்று பார்க்கும்போதுதான் குழப்பும்.

முள்ளுக்குள் என்ன இருக்கிறது

ஒரு முற்றிய முள்ளை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஒரு பூவிலிருந்து வரும் காய் காய்ந்ததும் பொதுவாக ஐந்து ஆப்புத் துண்டாக உடைகிறது. ஒவ்வொரு துண்டிலும் பெரிய முள் இரண்டு, கொம்பு மாதிரி விரிந்து நிற்கும். கீழ்ப்பக்கம் இரண்டு சின்ன முள். முதுகு சொரசொரப்பாக இருக்கும். எப்படிப் போட்டாலும் ஒரு முனை மேலே பார்த்துத்தான் உட்காரும். இதன் தாவரவியல் பெயர் டிரிபுலஸ் டெரெஸ்ட்ரிஸ், 1753-இல் ஸ்வீடன் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் வைத்தது. டிரிபுலஸ் என்ற சொல், பழங்காலப் போரில் குதிரைகளைத் தடுக்கத் தரையில் தூவிய இரும்பு முள்ளின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது. அந்த இரும்பு முள்ளும் எப்படி விழுந்தாலும் ஒரு முனை வானத்தைப் பார்க்கும்.

இப்போது அந்தத் துண்டைக் குறட்டில் வைத்து மெதுவாக நசுக்குங்கள். பாக்கு மாதிரி கடினமாக இருக்கும், ‘டக்’ என்று உடையும். உள்ளே வெளிர் நிறத்தில் இரண்டு, மூன்று, சில நேரம் நாலு விதை தனித்தனி அறையில் இருக்கும். ஒன்று கொஞ்சம் பெரிது, மற்றவை சிறிது. இந்த அளவு வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது. பெரிய விதை முதலில் முளைக்கும், மற்றவை அதே ஓட்டுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். முதல் முளையை நீங்கள் கொத்திவிட்டாலும், அடுத்த மழைக்கோ அடுத்த வருடத்துக்கோ ஓர் ஆள் உள்ளே காத்திருக்கிறது. “போன வருடம் சுத்தமாக எடுத்தேனே, மறுபடி எங்கிருந்து வந்தது?” என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இந்த ஓட்டுக்குள்தான் இருக்கிறது. மண்ணுக்குள் இப்படிப் பல வருடம் உயிரோடு இருக்கும். அதனால் இது ஒரு பருவத்து வேலை இல்லை. மூன்று நாலு வருடத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

இன்னொன்று, இந்தப் பூ தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கக்கூடியது. பூச்சி வர வேண்டும், பக்கத்தில் இன்னொரு செடி வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. “ஒரே ஒரு செடிதானே” என்று விடுவதற்கு இடமே இல்லை. நன்றாகப் படர்ந்த ஒற்றைச் செடி ஆயிரக்கணக்கில் விதை போடும்.

முதல் படி: எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது

வயல் முழுக்க ஒரே மாதிரி நெருஞ்சி இருப்பது அபூர்வம். முதலில் வருவது வண்டித்தடம், வாசல், களத்து ஓரம், ஆடு மாடு படுத்த இடம், வரப்பின் வெயில் பக்கம். அங்கிருந்துதான் காலோடும் சக்கரத்தோடும் உள்ளே போகிறது. ஆகவே விதைப்புக்கு முன், நிலம் வெறுமையாக இருக்கும்போது ஒரு படம் போட்டுக்கொள்ளுங்கள். நோட்டுப் புத்தகத்தில் கையால் வரைந்தால் போதும்.

நான் செய்கிற முறை இது. அடிப்பாகம் தடிப்பான பழைய ரப்பர் செருப்பு ஒரு ஜோடியை இதற்கென்றே வைத்திருக்கிறேன். ஓர் இடத்திலிருந்து இருபது அடி சாதாரணமாக நடப்பேன். பிறகு செருப்பைக் கழற்றித் திருப்பி, குத்தியிருக்கும் முள்ளை எண்ணுவேன், பிடுங்கி ஒரு டப்பாவில் போடுவேன். வயலின் நாலு மூலை, நடு, வாசல், தடம் என்று ஏழெட்டு இடத்தில் இப்படிச் செய்தால், எங்கே பத்து, எங்கே ஒன்று, எங்கே ஒன்றுமே இல்லை என்பது தெளிவாகிவிடும். அடுத்த வருடமும் அதே நாளையொட்டி, அதே இடத்தில், அதே செருப்பில் நடந்து பார்க்கலாம். முள்ளே இல்லாத பகுதி தெரிவது இன்னும் முக்கியம். உழவும் களையெடுப்பும் எப்போதும் அங்கிருந்து தொடங்கி, முள் நிறைந்த பகுதியில் முடிய வேண்டும். மறுபக்கமாகப் போனால் நாமே விதைத்துக்கொண்டு போகிறோம்.

இரண்டாம் படி: விதைப்புக்கு முன் ஒரு முறை ஏமாற்றி முளைக்க வைப்பது

நிலத்தைத் தயார் செய்து, பாத்தி கட்டி, பயிர் விதைக்காமல் தண்ணீர் மட்டும் விடுங்கள், அல்லது முதல் மழைக்குக் காத்திருங்கள். மணல் சீக்கிரம் காய்ந்துவிடும். ஒரே தடவை நிறைய விடுவதைவிட, மேல் மண் ஈரம் போகாதபடி இரண்டு மூன்று தடவை லேசாக விடுவது நல்லது. பத்திலிருந்து பதினாலு நாளில் ஒரு கூட்டம் முளைத்து வரும். முளை வித்திலையும் ஓரிரு உண்மை இலையும் விட்ட நிலையில், நல்ல வெயில் நாளாகப் பார்த்துக் கொத்தியோ, மேல் மண்ணை மட்டும் கிளறும் பலுகு ஓட்டியோ அழியுங்கள். வெட்டிய முளை அன்று மதியமே காய்ந்துவிடும். மேகமூட்டமான நாளில் செய்தால் ஈர மணலில் சில திரும்ப வேர் பிடித்துக்கொள்ளும்.

ஆழம் விஷயத்தில் கவனம் வேண்டும். இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் கிளறக் கூடாது. நெருஞ்சி பெரும்பாலும் மேல் ஐந்து சென்டிமீட்டர் மண்ணிலிருந்துதான் முளைத்து வருகிறது. ஆழமாக உழுதால் மேலே இருக்கும் முள் கீழே போய் உறங்கும், கீழே உறங்கிக்கொண்டிருந்த பழைய முள் மேலே வரும். அழித்த திருப்தி இருக்கும், கணக்கு அப்படியே இருக்கும். “ஆழ உழவு போட்டால் நெருஞ்சி போய்விடும்” என்று சொல்கிறவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. ஒரு தடவை மண்ணை நன்றாகப் புரட்டிப் புதைத்துவிட்டு, அதற்குப் பிறகு பல வருடம் அந்த ஆழத்தைத் தொடாமல் இருந்தால் பலன் தெரியும். வருடா வருடம் ஆழ உழுகிற நிலத்தில் அது கிடங்கிலிருந்து சரக்கை மாற்றி மாற்றி எடுத்து வைப்பதுதான்.

காலம் இருந்தால் இந்த ஏமாற்று முளைப்பை இரண்டு தடவை செய்யுங்கள். விதைப்பு இரண்டு வாரம் தள்ளிப்போவதைப் பற்றிக் கவலை வரும். மழையை நம்பிய நிலமென்றால் அது நியாயமான கவலைதான். அங்கே முள் அதிகமுள்ள பகுதியை மட்டும் பிற்பாடு விதைக்கலாம்.

மூன்றாம் படி: பயிருக்குள் பத்து நாளுக்கு ஒரு சுற்று

பூத்த இரண்டு வாரத்தில் காய் முற்றுகிறது என்று பார்த்தோம். அப்படியென்றால் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி இரண்டு வாரத்தைத் தொடக் கூடாது. பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றில் கண்ணுக்குத் தப்பிய செடி அடுத்த சுற்றில் பூவோடும் பிஞ்சோடும் மாட்டும், முற்றிய முள்ளோடு மாட்டாது. ஒரு பருவத்தில் ஒரே தடவை பெரிய களையெடுப்பு, அதோடு சரி என்ற வழக்கம் நெருஞ்சிக்குப் பொருந்தாது. ஒவ்வொரு மழைக்கும், ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு புதுக் கூட்டம் வருகிறது.

நிலக்கடலையில் இது கொஞ்சம் சிக்கல். விதைத்த நாற்பது நாற்பத்தைந்து நாளில் மண் அணைத்த பிறகு, விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் காம்பு) இறங்கும் சமயம் மண்ணைக் கிளறினால் விழுது அறுந்து மகசூல் போய்விடும். ஆகவே கொத்தால் செய்கிற வேலை எல்லாம் அதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். இருபதாம் நாளையொட்டி ஒன்று, மண் அணைக்கும்போது ஒன்று என்று இரண்டு சுற்று தவறவே கூடாது. அதற்குப் பிறகு வருவதைக் கொத்தைத் தொடாமல், நடந்துபோய்க் கையால் மட்டும் எடுக்க வேண்டும், அதுவும் மண் ஈரமாக இருக்கும் நாளில். செடி விழுதுக்கு மிக நெருக்கமாக இருந்தால் வேரோடு இழுக்காமல், வேர்முடிச்சைக் கத்தி நுனியால் மண்ணுக்குக் கொஞ்சம் கீழே அறுத்துவிடுங்கள். முடிச்சுக்கு மேலே அறுத்தால் துளிர்த்துவிடும், கீழே அறுத்தால் துளிர்க்காது. கடலையில் நெருஞ்சியை விட்டால் மகசூல் குறைவதோடு நிற்காது. பறிக்கிற கைகளுக்கு ஏற்படும் காயமும், காயோடு கலந்துபோகிற முள்ளும், பறித்த கொடியைத் தீனியாகப் போட முடியாமல் போவதும் சேர்ந்தே நஷ்டம்.

கம்பு, சோளம் மாதிரி உயரப் பயிரில் வேலை எளிது. முதல் ஐந்து வாரம் இடைவெளியைச் சுத்தமாக வைத்திருந்தால், அதற்குள் பயிர் நிழல் கட்டிவிடும். வரிசை இடைவெளியைக் கொஞ்சம் நெருக்கினால் நிழல் இன்னும் சீக்கிரம் விழும். எள் தொடக்கத்தில் மிக மெதுவாக வளரும் பயிர், முதல் மாதம் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். தர்பூசணி, வெள்ளரி மாதிரி கொடிப் பயிர்களில் கொடி ஓடத் தொடங்கிய பிறகு உள்ளே போகவே முடியாது. அங்கே மூடாக்குதான் வழி. வைக்கோலோ சருகோ ஏழெட்டு சென்டிமீட்டர் கனத்துக்கு, வெயில் உள்ளே நுழையாதபடி பரப்பினால் முளை மேலே வராது. மெல்லிய பிளாஸ்டிக் தாளை முள் நிறைந்த மண்மேல் விரித்து மிதித்து நடந்தால் ஓட்டை ஓட்டையாகிவிடும், விரிப்பதற்கு முன் மேல் முள்ளைப் பொறுக்கிவிடுங்கள். சொட்டுநீர் போட்ட நிலத்தில் ஒரு வசதி உண்டு. மழை இல்லாத நாளில் பெரும்பாலும் ஈரம் விழுகிற வரிசையில்தான் முளைக்கும், பார்க்க வேண்டிய இடம் குறைவு.

பிடுங்கும் கை

மழை பெய்த மறுநாள், மணல் இன்னும் ஈரமாக இருக்கும்போது போங்கள். அந்த ஒரு நாளில் ஆகிற வேலை காய்ந்த நாளில் மூன்று நாள் எடுக்கும். தோல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். துணிக் கையுறையில் முள் நேராக இறங்கும். படர்ந்த தண்டு ஒன்றைப் பிடித்து இழுத்தால் அது மட்டும் அறுந்து வரும், நடு அப்படியே இருக்கும். அப்படிச் செய்யாமல், தண்டு நுனிகளை எல்லாம் அவிழ்ந்த கூந்தலை அள்ளுகிற மாதிரி வெளியிலிருந்து நடுவுக்கு அள்ளிச் சேருங்கள். எல்லாம் ஒரு பிடிக்குள் வந்ததும் வேர்முடிச்சைப் பிடித்து, லேசாகத் திருகி, நேர் மேலாக இழுங்கள். ஈர மணலில் ஆணிவேர் வழுக்கிக்கொண்டு வரும்.

காய் வைத்த செடியென்றால், முதலில் பக்கத்தில் ஒரு சாக்கை விரியுங்கள், தண்டுகளை உள்பக்கமாகச் சுருட்டி அப்படியே அதன்மேல் வையுங்கள். பச்சைக் காய்தானே என்று வரப்பில் எறிய வேண்டாம். பிடுங்கிய செடியிலேயே அது முற்றிவிடக்கூடும். காய் இல்லாத செடியை மட்டும் வெயிலில் விட்டுவிடலாம்.

என் முதல் வருடத் தவறை இங்கே சொல்லிவிடுகிறேன். வயலின் மேற்கு ஓரத்தில் மட்டும் பாய் விரித்த மாதிரி நெருஞ்சி படர்ந்திருந்தது. கையால் எடுக்க நேரமில்லை என்று, காய் இருக்கும்போதே, மண்ணைப் பொடியாக்கும் சுழல் கலப்பையான ரோட்டவேட்டரை விட்டு அடித்துவிட்டேன். நிலம் பார்க்க அழகாக இருந்தது. அடுத்த மழைக்கு, வண்டி ஓடித் திரும்பிய தடம் ஒவ்வொன்றிலும் கோடு போட்ட மாதிரி முளைத்து நின்றது. ஓர் ஓரத்தில் இருந்ததை வயல் முழுக்கக் கொண்டுபோனது நான்தான். அந்தக் கோடுகளை அழிக்க நாலு பருவம் ஆயிற்று.

நாலாம் படி: ஏற்கெனவே விழுந்த முள்

செடி காய்ந்துபோன பிறகு முள் மணல்மேல் கிடக்கும் காலம் ஒன்று உண்டு. உழுவதற்கு முன் அதை எடுக்கக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு இதுதான், பெரும்பாலோர் இதை விட்டுவிடுகிறார்கள். முள் எதில் குத்துமோ அதையே ஆயுதமாக்குங்கள். பழைய கம்பளத் துண்டு, கனமான சாக்கு, நுரை மெத்தைத் துண்டு, எது கிடைத்தாலும் சரி. அதன்மேல் கொஞ்சம் கனம் வைத்து, முள் நிறைந்த பகுதியில் மெதுவாக இழுத்துப் போங்கள். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்க முள் ஒட்டியிருக்கும். களம், வாசல், தடம் மாதிரி கெட்டியான இடத்தில் முதலில் துடைப்பத்தால் கூட்டுங்கள், மிச்சத்துக்குக் கம்பளம். சேர்ந்த முள்ளை எருக்குழியில் போட வேண்டாம். சாதாரணக் குவியலில் ஏறும் சூட்டில் எல்லா விதையும் சாகும் என்று நம்ப முடியாது. காயவைத்து, இரும்பு டிரம்முக்குள் போட்டு எரிப்பது நல்லது. வயலிலேயே தீ வைத்தால் மேலே இருப்பது கருகும், மணலுக்குள் ஒரு விரல் ஆழத்தில் இருப்பதற்குச் சூடே படாது.

களைக்கொல்லி: எங்கே உதவும், எங்கே காலை வாரும்

கைவேலையும் கொத்தும் போதாத பரப்பில் களைக்கொல்லி தேவைப்படலாம். முளைக்கும் முன் தெளிப்பதில் பெண்டிமெத்தலின் பல பயிர்களில் பயன்படுகிறது. விதைத்த மூன்று நாளுக்குள், ஈர மண்மேல் தெளிக்க வேண்டும். இந்த வகை மருந்துகள் நெருஞ்சியின் முதல் கூட்டத்தைக் குறைக்கும், முழுசாகத் தடுக்காது. மருந்தின் வேகம் தணிந்த பிறகு வரும் கூட்டத்துக்குப் பத்து நாள் சுற்று வேண்டும்தான். மணல் நிலத்தில் மக்கிய பொருள் குறைவு என்பதால் மருந்தைப் பிடித்துவைக்க ஒன்றும் இல்லை. சில மருந்துகள் தண்ணீரோடு இறங்கிப் பயிர் வேரையே தாக்கும். லேபிளில் மணல் மண்ணுக்கென்று தனி அளவு கொடுத்திருந்தால் அதைத் தாண்டாதீர்கள். மணலுக்கு வேண்டாம் என்று எழுதியிருந்தால் வேண்டாம்தான்.

முளைத்த பிறகு தெளிப்பது செடி சின்னதாக, பூ வைக்காமல் இருக்கும்போது மட்டும் பலிக்கும். கம்பு, சோளம், மக்காச்சோளம் மாதிரி புல்வகைப் பயிரில் 2,4-டி அகல இலைக் களையான நெருஞ்சியைக் கொல்லும். ஆனால் காற்றில் பறந்து பக்கத்துப் பருத்தி, தக்காளி, திராட்சையில் பட்டால் அவற்றின் இலை சுருண்டுபோகும். நிலக்கடலையில் இமாசெதாபைர் பயன்படுத்துகிறவர்கள், அது மண்ணில் தங்கி அடுத்த பயிரைப் பாதிக்கக்கூடியது என்பதை மறக்கக் கூடாது. அடுத்து என்ன விதைக்கப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு வாங்குங்கள். கிளைபோசேட் பயிரையும் சேர்த்துக் கொல்லும் என்பதால் பயிர் இல்லாத இடத்துக்கும் காலத்துக்கும் மட்டுமே. எந்த மருந்து எந்தப் பயிருக்கு அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும். லேபிளில் உங்கள் பயிரின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடியைத் திறங்கள்.

தரையோடு கிடக்கிற செடி என்பதால் நெருஞ்சி இலைமேல் எப்போதும் புழுதி படிந்திருக்கும். கிளைபோசேட் மண் துகளோடு ஒட்டிச் செயலிழந்துவிடும் மருந்து. புழுதி படிந்த இலையில், வண்டி போன தூசியில் தெளித்தால் பாதி மருந்து தூசிக்கே போகிறது. வெயிலில் வாடிக் கிடக்கும் செடியும் மருந்தைச் சரியாக உள்ளே இழுக்காது. மழை பெய்து இலை கழுவி, செடி தளதளவென்று இருக்கும்போது தெளித்தால்தான் பலன். “அடித்தேன், சாகவில்லை” என்று வருகிற புகார்களில் நிறைய, மருந்தின் குற்றத்தைவிட இந்த நேரத்தின் குற்றமாகவே இருக்கும். காய் பிடித்த செடிக்குத் தெளிப்பது வீண். செடி செத்தாலும் முற்றிய முள்ளுக்குள் இருக்கும் விதையை மருந்து தொடாது.

கூன்வண்டு

பெரும்பாலும் நெருஞ்சியையே தின்று வாழும் இரண்டு கூன்வண்டுகள் உண்டு. ஒன்றின் புழு காய்க்குள் விதையைத் தின்னும், இன்னொன்றின் புழு தண்டையும் வேர்முடிச்சையும் குடையும். 1961-இல் இவற்றை அமெரிக்காவில் கொண்டுபோய் விட்டார்கள், சில இடங்களில் நல்ல பலன் கிடைத்தது. வருடா வருடம் உழுது பூச்சிமருந்தும் தெளிக்கிற வயலில் வண்டு நிலைப்பது கடினம். காயில் சின்னத் துளை இருப்பதைப் பார்த்தால், வரப்பு ஓரத்திலாவது பூச்சிமருந்து படாமல் விட்டுவைக்கலாம். வேறு நாட்டிலிருந்து நாமாக எதையும் கொண்டுவரக் கூடாது.

ஆடு மாடு

நெருஞ்சி படர்ந்த நிலத்தில் ஆட்டை விட்டுத் தின்னவைத்தால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். செம்மறி அதிகம் தின்றால் ஈரல் பாதிக்கப்பட்டு, வெயில் பட்ட முகமும் காதும் வீங்கிப் புண்ணாகும் நோய் வரும். தென்னாப்பிரிக்காவில் இதற்கு மஞ்சள் வீங்குதலை என்று பொருள்படும் பெயரே இருக்கிறது. சில நிலைமைகளில் செடியில் கால்நடைக்கு நஞ்சாகும் அளவுக்கு நைட்ரேட்டும் சேரும். இதற்கு மேல், முள் வாயைக் கிழிக்கும், கம்பளியிலும் குளம்பிலும் ஒட்டி அடுத்த நிலத்துக்குப் போகும். ஆட்டை நம்பி இந்தக் களையை அடக்க நினைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: வாசலும் வரப்பும் சக்கரமும்

உள்ளே சுத்தம் செய்து வெளியே விட்டுவைத்தால் வேலை முடியாது. வரப்பு, தடம், களம் இவற்றுக்கும் அதே பத்து நாள் சுற்று பொருந்தும். வரப்பை வெறுமையாக வைக்காமல் புல்லோ வேறு நெருக்கமான மூடுபயிரோ வளர விட்டால், வெயில் கிடைக்காமல் நெருஞ்சி தானே குறையும். வாடகை டிராக்டர், அறுவடை இயந்திரம் எது வந்தாலும் வயலுக்குள் நுழையும் முன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, குத்தியிருக்கும் முள்ளை எடுத்துவிடச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள், பத்து நிமிஷ வேலைதான். வெளியிலிருந்து மணலோ எருவோ இறக்கினால் அந்தக் குவியலை முதல் மழைவரை தனியாக வைத்து, என்ன முளைக்கிறது என்று பார்த்துவிட்டுப் பரப்புங்கள்.

எத்தனை வருடம்?

முதல் வருடம் குறைந்த மாதிரியே தெரியாது. மண்ணில் ஏற்கெனவே இருப்பது முளைத்துக்கொண்டேதான் இருக்கும், சில இடத்தில் முன்னைவிட அதிகமாகவும் தெரியும். புதுசாக ஒரு முள்கூட விழவில்லை என்றால் அந்த வருடம் வெற்றிதான். இரண்டாம், மூன்றாம் வருடத்தில் செருப்பு எண்ணிக்கை இறங்கும். எண்ணிக்கை இறங்கிய வருடத்தில்தான் ஆட்கள் சுற்றை நிறுத்துகிறார்கள். அந்த வருடம் தப்பிய பத்துச் செடி மறுபடி ஆயிரக்கணக்கில் கொட்டிவிடும். ஆகவே எல்லா இடத்திலும் செருப்பு இரண்டு வருடம் தொடர்ந்து சுத்தமாக வரும்வரை சுற்றை விடாதீர்கள். அதற்குப் பிறகும் மழை முடிந்த பத்தாம் நாள், காலை வெயில் ஏறுவதற்கு முன், வாசலிலிருந்து தடம் வழியாக ஒரு நடை போய், மஞ்சளாக ஏதாவது கண்ணில் படுகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.